வளர்ப்பு முத்து

கைபேசிகளில் சுற்றிய அந்தப் படம் சின்னதுதான். சிங்கப்பூர்த் தேக்கா சந்தையின் மீன்கடை வரிசையில் பூவம்மா பையோடு நடந்து வருகிறாள். கால் வழுக்குகிறது. இரண்டு கால்களும் மேலே போகின்றன, தலை கீழே போகிறது, பை கிழிகிறது. உள்ளேயிருந்த முழுக் கொடுவா மீன் கூரையைத் தொடுவதுபோல எழும்பி, திரும்பி வந்து, அவள் முகத்தில் பளாரென்று அறைகிறது. அந்த அறையை மட்டும் யாரோ திரும்பத் திரும்ப விழும்படி வெட்டி ஒட்டியிருந்தார்கள். பிறகு திரை கறுப்பாகும். நாதஸ்வரம் ஒலிக்கும். பொன்னெழுத்தில் ஒரு வாசகம் எழும்.

“வாழ்க்கையும் ஓர் ஈரச்சந்தைதான். மீனைப் பார்த்து நடப்பவர் தரையை மறக்கிறார். சிந்திப்பீர்.”

அதற்குக் கீழே, “கண்டெடுத்தவர்: முத்துமணி வெங்கடேஷ், செயலாளர், சிங்கை இணைய முத்துக்குளிப்போர் கழகம்” என்று போட்டிருந்தது.

பூவம்மாவின் வலது மணிக்கட்டு உடைந்தது அந்தப் படத்தில் இல்லை. உடைந்த சத்தம் மீனின் சத்தத்தில் அமுங்கிவிட்டது.

அவள் கணவர் ரகுபதி பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். பிடோக்கில் அவர்களுடைய வீடு. அந்தப் படம் அவருக்கு முதலில் அவருடைய முதலாளியிடமிருந்து வந்தது, பிறகு தங்கையிடமிருந்து, பிறகு பேருந்தில் வரும் பிள்ளைகளின் பெற்றோர் குழுவிலிருந்து. எல்லோரும் சிரிக்கும் மஞ்சள் முகங்களையும் கும்பிடும் கைகளையும் சேர்த்தே அனுப்பியிருந்தார்கள். சிரித்துவிட்டுக் கும்பிடுவது நம் ஆட்களுக்குப் பழகிய வேலை.

மருத்துவமனையில் கட்டுப் போட்டு, சில நாளில் வந்து காட்டச் சொன்னார்கள். பூவம்மா போகவில்லை. கட்டுப் போட்ட மறுநாள் லிஃப்ட்டில் மேல்மாடி அன்னம்மா அவளைப் பார்த்து, “அக்கா, மீன் உங்கள அடிச்சிச்சா, நீங்க மீன அடிச்சீங்களா?” என்று கேட்டிருந்தாள். கூட நின்ற பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அன்றிலிருந்து அவள் வாசற்படி தாண்டவில்லை. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் வீங்கி, நாவல்பழ நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தன.

“பூவம்மா, கை போயிடும். வா, டாக்சில போயிட்டு வந்துரலாம்.”

“போனா போகட்டும். நடக்கத் தெரியாதவன்னு ஊரே பாத்தாச்சு. இனி கை எதுக்கு?”

“படத்த நெட்லருந்து எடுக்கச் சொல்றேன்.”

“எடுத்தா வரேன்,” என்றாள் அவள். சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஆகவே ரகுபதி கழகத்துக்குப் போனார்.

கழகம் ஜாலான் புசாரில், நட்டும் குழாயும் விற்கும் ஒரு கடைக்கு மேல்மாடியில் இருந்தது. சுவரில் பெரிய பலகையில் கழகத்தின் கொள்கை: “சிரி. சிந்தி. கை கொடுக்காதே.” கடைசி வரிக்கு விளக்கமும் இருந்தது. விழுந்தவரைத் தூக்கிவிட நீளும் கை படத்தின் அழகைக் கெடுக்கிறது, பார்ப்பவரின் சிந்தனையை மழுங்கச் செய்கிறது. முதலுதவிப் பெட்டி ஒன்றும் இருந்தது. அதன்மேல் கேமரா வைத்திருந்தார்கள்.

தலைவர் பரமசிவம் தோளில் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தார். அன்று விழா எதுவும் இல்லை. அவர் சாதாரண நாளிலும் மேடைத்தமிழ்தான் பேசுவார்.

“வாருங்கள் சகோதரரே. தாங்கள் கண்டெடுத்தவரா?”

“இல்லங்க. விழுந்தவளோட புருஷன்.”

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் வெங்கடேஷ் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “விழுந்தவங்கன்னு நம்மகிட்ட ஒரு கேட்டகரியே இல்லண்ணே.”

“அவ கை உடைஞ்சிருக்குங்க.”

“அப்படியா?” வெங்கடேஷின் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. “வீடியோல தெரியலையே லா. தெரிஞ்சிருந்தா இன்னும் நல்லா போயிருக்கும்.”

“அத எடுத்துருங்கன்னு கேக்கத்தான் வந்தேன்.”

தலைவர் புன்னகைத்தார். “சகோதரரே, இணையம் என்பது கடல். நாங்கள் அதில் மூழ்கி, மனிதகுலம் சிரித்துச் சிந்திக்க முத்தெடுத்து வருகிறோம். முத்தெடுப்பவன் சிப்பியிடம் அனுமதி கேட்டதாக எங்காவது படித்திருக்கிறீர்களா?”

ரகுபதி படித்ததில் சிப்பி வரவில்லை. உறுப்பினர்கள் மட்டுமே கோரிக்கை வைக்கலாம் என்று வெங்கடேஷ் கனிவோடு சொன்னார். சரி, உறுப்பினராகிவிடுகிறேன் என்றார் ரகுபதி. எல்லோரும் கைதட்டினார்கள். நாற்காலி போட்டு, உட்காருங்கள் என்றார்கள். அவர் உட்காரப் போன நொடியில் பின்னாலிருந்து ஒருவர் நாற்காலியை இழுத்துக்கொண்டார்.

முதுகெலும்பின் நுனி தரையில் மோதியதில் ரகுபதிக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டதில் வாயெல்லாம் ரத்தம். சுற்றிலும் கைபேசிகள் எழுந்தன. சபை குலுங்கிச் சிரித்தது. வெங்கடேஷ் மேசைமேல் இருந்த பித்தளை மணியை அடித்ததும் சிரிப்பு வெட்டிவிட்டாற்போல நின்றது. எல்லோரும் தாடையில் விரல் வைத்துச் சிந்தித்தார்கள். மறுபடி மணி அடித்ததும் சிந்தனையும் நின்றது.

“எந்த இருக்கையும் நிரந்தரமில்லை,” என்று தலைவர் வாசகம் சொன்னார். வெங்கடேஷ் குறித்துக்கொண்டார். ரகுபதி உறுப்பினராகிவிட்டார்.

அடுத்த கூட்டத்தில் அவருடைய கோரிக்கை ‘இதர விஷயங்கள்’ என்ற தலைப்பில், நன்றியுரைக்கு முன்னால் வைக்கப்பட்டது. தமிழ்க் கூட்டங்களில் அந்த இடம்வரை உயிரோடு போய்ச் சேர்ந்த விஷயங்கள் குறைவு. வரவேற்புரை முடிந்தது. தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியவருக்குத் தலைவர் போர்த்தினார். அதன் பிறகு பிடோக் கிளைப் பொருளாளர் தன் முத்தைத் திரையில் காட்டினார். வெள்ளையடிப்பவர் ஒருவர் ஏணியோடு சாய்ந்து, ஏணி அவர் பல்லைப் பெயர்க்கும் படம் அது.

“பழைய முத்து!” என்று ஆங் மோ கியோ கிளைத் துணைத்தலைவர் எழுந்தார். “போன தீபாவளிக்கே நான் போட்டுட்டேன்!”

கழகத்தில் கொலைக்கு அடுத்த குற்றம் மீள்பகிர்வு. சிலர் வரிசையை மாற்றியும் சொல்வார்கள்.

“ஏய், அது வேற ஏணி!”

“பல்லு அதே பல்லுதான்!”

பொருளாளர் மேசையிலிருந்த நினைவுப்பரிசை எடுத்தார். கனத்த கண்ணாடியில் சிப்பி வடிவத்தில் செய்தது. அதைக்கொண்டு துணைத்தலைவரின் காதில் அறைந்தார். காது பாதி தொங்கியது. துணைத்தலைவர் மைக்கைப் பிடுங்கிப் பொருளாளரின் மூக்கில் குத்தினார். மைக் இயக்கத்தில் இருந்ததால் மூக்கெலும்பு நொறுங்கியது அரங்கின் கடைசி வரிசைவரை தெளிவாகக் கேட்டது. இருவரும் கட்டிப் புரண்டு, கடித்து, காலால் உதைத்துக்கொண்டு போய் கோப்பி மேசையைச் சாய்த்தார்கள். கொதிக்கும் கோப்பி இருவர் முதுகிலும் கொட்டியது.

ரகுபதி விலக்கிவிட ஓடினார். அவர் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தார்கள்.

“கை, கை! படத்துக்குள்ள வருது பாருங்க!”

“லைட்டப் போடுங்க லா, யாராச்சும்!”

மணி அடித்தது. சிந்தித்தார்கள். “உரிமைக்குப் போராடுபவன் காதை இழந்தாலும் கேட்கப்படுகிறான்” என்று வாசகம் ஆனது. அடிபட்ட இருவரும் மூக்கிலும் காதிலும் பஞ்சோடு கைகுலுக்கிப் படத்துக்கு நின்றார்கள். அவர்களில் யாருக்கும் கண்டெடுத்தவர் பட்டம் கிடைக்கவில்லை. சண்டையைப் படமெடுத்தவருக்குப் போனது.

பிறகு தலைவர் கொள்கை விளக்க உரை ஆற்றினார்.

“அன்பர்களே! இன்றைய சண்டை எதைக் காட்டுகிறது? முத்துப் பற்றாக்குறையைக் காட்டுகிறது. உலகத்தில் விழ வேண்டியவர்கள் எல்லாம் விழுந்துவிட்டார்கள். விழுந்த படங்கள் எல்லாம் பகிரப்பட்டுவிட்டன. இந்தத் தீவிலோ, தரையெல்லாம் சமமாக இருக்கிறது, படியெல்லாம் கைப்பிடி இருக்கிறது. மக்கள் எப்படி விழுவார்கள்? விழாத சமுதாயம் எப்படிச் சிந்திக்கும்? ஆகவேதான் நம் கழகம் வளர்ப்பு முத்துத் திட்டத்தைத் தொடங்கியது. சிப்பிக்குள் ஒரு சிறு உறுத்தலை வைத்து முத்து வளர்ப்பதில்லையா? அதுபோலத்தான். சிலர் கேட்கிறார்கள், நீங்கள் ஆட்களைத் தள்ளிவிடுகிறீர்களா என்று. வன்மையாக மறுக்கிறேன்! நாம் யாரையும் தொட்டதே இல்லை. அவர்களுக்கு விழும் வாய்ப்பை விரிவுபடுத்துகிறோம். விழுவதும் விழாததும் அவரவர் சுதந்திரம்!”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. திட்டத்தின் முதல் வெற்றியை விளக்க வெங்கடேஷ் திரையருகே வந்தார்.

திரையில் தேக்கா சந்தை தெரிந்தது. இந்த முறை வெட்டாத படம். முதலில் வெங்கடேஷே வருகிறார். இங்குமங்கும் பார்க்கிறார். பைக்குள்ளிருந்து ஒரு போத்தலைச் சரித்து மீன்கடை முன்னால் ஊற்றுகிறார். ஒதுங்கி நின்று கைபேசியை உயர்த்துகிறார். பிறகு பூவம்மா வருகிறாள், விழுகிறாள், மீன் அறைகிறது. படம் அங்கே முடியவில்லை. கடைக்குள்ளிருந்து ரப்பர் உறை மாட்டிய ஒரு கை நீண்டு அவள் தோளைத் தாங்கித் தூக்குகிறது.

“மீன்கடை முகம்மது யூசுப்போட கை அது,” என்று வெங்கடேஷ் சலித்துக்கொண்டார். “எவ்வளவு இடைஞ்சல் பாருங்க. அத வெட்டி எடுக்கத்தான் எனக்கு ரொம்ப வேலை.”

ரகுபதி எழுந்தார்.

“நீதான் எண்ணெய் ஊத்துனியா?”

“கொஞ்சமா தாண்ணே. சூரியகாந்தி எண்ணெய். உடம்புக்கு நல்லது.”

ரகுபதி மேடைக்குத் தாவி அவர் கழுத்தைப் பிடித்தார். ஆத்திரம் தீர முகத்தில் குத்தினார், மறுபடி குத்தினார். இத்தனை வருஷம் பிள்ளைகளின் இரைச்சலுக்கு நடுவே பொறுமையாக வண்டி ஓட்டிய கை அது. வெங்கடேஷின் உதடு பிளந்து, பல் ஒன்று பறந்து முன்வரிசையில் யாரோ ஒருவர் மடியில் விழுந்தது. ரகுபதி திரும்பிப் பார்த்தார். சபை முழுக்கக் கைபேசிகள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வெங்கடேஷ் ரத்தம் ஒழுகத் தவழ்ந்து போய் மணியை அடித்தார். சிந்தித்தார்கள்.

“அருமை! அருமை!” தலைவர் ஓடிவந்து ரகுபதிக்குப் பொன்னாடை போர்த்தினார். “கோபம் தன் பல்லைத் தானே உடைக்கிறது. என்ன ஒரு முத்து! சகோதரரே, தங்கள் இல்லத்தரசியையும் நம் ஆண்டுவிழாவுக்கு அழைத்து வாருங்கள். ஆண்டின் சிறந்த முத்து அவர்தான். சிறப்பு விருந்தினர் முன்னிலையில் மேடையில் இன்னொரு முறை விழுந்து காட்டினால் போதும். எண்ணெய், மீன் எல்லாம் கழகத்தின் பொறுப்பு.”

ரகுபதி பொன்னாடையோடு வீட்டுக்கு வந்தார். அதை எங்கே கழற்றிப் போடுவது என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. மனிதன் கோபப்பட்டால்கூட அதையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்களே என்ற திகைப்பு.

“எடுத்தாச்சா?” என்றாள் பூவம்மா.

அவர் நடந்ததைச் சொன்னார். போத்தலைச் சொன்னார், எண்ணெயைச் சொன்னார், வெட்டிய கையைச் சொன்னார். பூவம்மா இப்போதுதான் சுவரிலிருந்து திரும்பினாள்.

“அப்ப நானா விழலையா?”

“இல்ல. விழ வச்சிருக்காங்க.”

“எனக்குக் கண்ணு போச்சு, காலு போச்சு, இனிமே வெளிய விட்டா விழுந்துருவேன்னு இத்தன நாளா உக்காந்திருக்கேனே! யூசுப் பாய் கைகூட அதுல இல்ல, ஒரு மனுசன்கூட தூக்கலைன்னு ஊர்ல பேசினாங்களே!”

“போலீசுக்குப் போவோம். வா.”

“போவோம். முதல்ல ஆஸ்பத்திரி. அதுக்கு முந்தி அந்த விழா. எங்கன்னு சொல்லுங்க.”

மறுநாளே விழா. சிராங்கூன் சாலைக்குப் பின்புறம் ஒரு மண்டபத்தில் நடந்தது. பூவம்மா பச்சைப் புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு லிஃப்ட்டில் இறங்கினாள். அன்னம்மாவும் கூட இறங்கினாள். பூவம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். அன்னம்மா மாடி எண்களைப் பார்த்தாள்.

மண்டப வாசலில் முகம்மது யூசுப் ஒரு நீளமான பொட்டலத்தோடு நின்றிருந்தார். மறு அரங்கேற்றத்துக்கு மீன் வேண்டுமென்று கழகம் அவரிடமே சொல்லியிருந்தது.

“பூவக்கா, நீங்களா? கை எப்படி இருக்கு? இது உங்க மேல எறியறதுக்குன்னு தெரியாமப் போச்சே. தெரிஞ்சா தருவேனா? திருப்பி எடுத்துட்டுப் போறேன்.”

“வேணாம் பாய். மீன் எப்படி?”

“ஃப்ரீசர்ல இருந்து இப்பத்தான் எடுத்தேன். கல்லு மாதிரி இருக்கு.”

“கொடுங்க,” என்றாள் பூவம்மா. இடது கையால் வாலைப் பிடித்து எடையைப் பார்த்தாள்.

வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலையுரை, வாழ்த்துரை எல்லாம் முடிந்தன. ஒவ்வோர் உரைக்கும் நடுவில் பொன்னாடை. மேடையில் வெங்கடேஷ் தாராளமாக எண்ணெய் ஊற்றினார், விளக்கொளியில் தரை பளபளத்தது. சிறப்பு விருந்தினர் முன்வரிசையில் உட்கார்ந்து, தனக்கு எப்போது போர்த்துவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னையே, வாருங்கள்!” என்றார் தலைவர் மைக்கில். “இயல்பாக நடங்கள். இயல்பாக விழுங்கள்.”

பூவம்மா எண்ணெய்க்கு இந்தப் பக்கமே நின்றாள். வெங்கடேஷ் ஒரு கையில் மணியும் மறு கையில் கைபேசியுமாகக் கிட்டே வந்து, “இன்னும் கொஞ்சம் முன்னால வாங்க ஆன்ட்டி” என்றார். அவள் மீனைத் தோளுக்கு மேல் ஓங்கி, முழு உடம்பையும் திருப்பி, அவர் தாடையில் அறைந்தாள்.

தாடை கழன்ற சத்தத்தை இந்த முறை யாரும் வெட்டி ஒட்ட வேண்டியிருக்கவில்லை. வெங்கடேஷ் மணியோடு எண்ணெயில் விழுந்து வழுக்கிக்கொண்டு போய்த் தலைவரின் முழங்காலில் மோதினார். தலைவர் பொன்னாடைகளோடு மேடையிலிருந்து பறந்து சிறப்பு விருந்தினர் மேல் விழுந்தார். சிறப்பு விருந்தினர் தனக்குப் போர்த்துகிறார்கள் என்று நினைத்து வணக்கம் சொல்லிக்கொண்டே நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். உறுப்பினர்கள் படமெடுக்க மேடைக்குப் பாய்ந்தார்கள். முதல் வரிசை எண்ணெயில் விழுந்தது, இரண்டாம் வரிசை முதல் வரிசைமேல் விழுந்தது. முழங்கைகள் கண்களில் பாய்ந்தன. பொருளாளரின் பஞ்சு வைத்த மூக்கு மறுபடி உடைந்தது. துணைத்தலைவரின் தைத்த காதை யாரோ மிதித்தார்கள். நல்ல கோணத்துக்காக ஒருவர் முதுகில் ஒருவர் ஏறினார்கள், ஏறியவர்களைக் கடித்து இறக்கினார்கள். ரத்தமும் எண்ணெயும் கலந்து படிக்கட்டில் வழிந்தன.

விழாதவர்கள் சிரித்தார்கள். விழுந்தவர்களும் விழுந்தபடியே சிரித்தார்கள். மணி வெங்கடேஷின் முதுகுக்கு அடியில் சிக்கியிருந்தது. மணி அடிக்காமல் சிரிப்பை நிறுத்த விதி இல்லை. மூச்சு முட்டியது, கண்ணில் நீர் வந்தது, விலா வலித்தது, ஆனாலும் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பா அலறலா என்று ரகுபதிக்குத் தெரியவில்லை. அவரும் யூசுப்பும் கையில் கிடைத்தவர்களை எல்லாம் இழுத்து வெளியே போட்டார்கள்.

பரமசிவம் மேடைக்குக் கீழே கிடந்தார். ஒரு கால் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. ஊளையிட்டு அழுதுகொண்டிருந்தார். சுற்றிலும் கைபேசிகள் வட்டமாக நின்றன. பூவம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். அடிக்கத்தான் போனாள். அந்தக் காலைப் பார்த்ததும் மீனைக் கீழே போட்டுவிட்டு இடது கையை நீட்டினாள்.

“புடிங்க. மெதுவா.”

பரமசிவம் அலறுவதை நிறுத்தினார். கழகத்தில் கழித்த அத்தனை வருடமும் அவர் குரலில் இருந்தது.

“கைய எடும்மா! ஃபிரேம் கெட்டுப்போகுது!”

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

மருத்துவமனையில் பூவம்மாவின் கட்டைப் பிரித்துப் பார்த்த டாக்டர், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் விரல்கள் போயிருக்கும் என்றார். புதுக் கட்டுப் போட்டார்கள். போலீஸ்காரர் ஒருவர் வந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். திரைக்கு அந்தப் பக்கக் கட்டிலிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

“ரகுபதி! தம்பி ரகுபதி!”

பரமசிவத்தின் மேடைத்தமிழ் அடியோடு போயிருந்தது. கால் தூக்கிக் கட்டப்பட்டிருந்தது. கையிலிருந்த கைபேசியில் நாதஸ்வரம் ஒலித்தது. அவர் பறப்பதும், விழுவதும், ஊளையிடுவதும் திரும்பத் திரும்ப ஓடின. “உயரத்தில் இருப்பவருக்கே விழும் பாக்கியம். சிந்திப்பீர்” என்று பொன்னெழுத்தில் வந்தது.

“என் சம்பந்தி வீட்டுக்கெல்லாம் போயிருச்சுப்பா. பேரப்பிள்ள பாத்துட்டு போன் பண்ணி சிரிக்கிறான். நீ மெம்பர்தானே? நீ சொல்லு, எடுக்கச் சொல்லு.”

“நீங்க கண்டெடுத்தவருங்களா?” என்று ரகுபதி கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. அப்படித்தான் கேட்க வேண்டும் என்று கழகத்தில் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

பரமசிவம் பூவம்மாவைப் பார்த்தார். “நீயாவது சொல்லும்மா.”

பூவம்மா அவர் கையிலிருந்த கைபேசியை வாங்கி முழுக்கப் பார்த்தாள். அவள் கை வரும் இடத்தை வெட்டியிருந்தார்கள்.

“எடுக்க வேணாம்,” என்றாள். “வெட்டுனத மட்டும் திருப்பிச் சேக்கச் சொல்லுங்க. நான் கை நீட்டுனதையும், நீங்க அதுக்கு என்ன சொன்னீங்கங்கறதையும் சேத்து. உங்க பேரன் அதயும் பாக்கட்டும்.”

அவள் ரகுபதியோடு நடந்து போனாள். தரை அப்போதுதான் துடைத்து ஈரமாக இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே கடந்தாள்.

பரமசிவம் சிரிக்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். மணி அடிக்க ஆள் இல்லாததால், எவ்வளவு நேரம் சிந்திக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை.